ஞாயிற்றுக்கிழமை அப்டேற்

பின்னேரம் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பின்னாக, கொம்பியூட்டர் திரையின் வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். புது அப்டேற் வந்திருக்கிறது, இப்போதே ஏற்றட்டுமா, பிறகு ஏற்றட்டுமா என்று இங்கிலீசில் கேட்கும். இளையதம்பி கண்ணாடியைப் போட்டு, எழுத்துக்கூட்டி வாசித்து, 'பிறகு' என்று பொருள்படுகிற பொத்தானை அமத்துவார். பிறகு கொம்பியூட்டரை நிற்பாட்டிவிட்டுக் கிணற்றடிக்கு முகம் கழுவப் போவார். நாள் முழுக்க அந்தக் கொம்பியூட்டரில் அவருக்கு இருந்த வேலை அது ஒன்றுதான். அதற்காகவே ஐந்தரைக்கு அதைப் போட்டுவிட்டு முன்னால் குந்தியிருப்பார்.

வேறு யாரும் இப்படிச் செய்தால் சோம்பேறி என்று சொல்லிவிடலாம். இளையதம்பியைச் சோம்பேறி என்று சொல்ல மருதனார்மடம் சந்தையில் ஒரு ஆள் கிடையாது. அறுபத்தாறு வயதிலும் எட்டுப் பரப்புக் காணியில் பீற்றூட்டும் வெங்காயமும் செய்கிற மனிதர். விடிய நாலரைக்கு இறைப்பு மோட்டரைப் போடுகிறவர். ஒரு வேலையை நாளைக்கென்று தள்ளுகிறவனைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவர் வாரத்தில் ஆறு நாளும் இந்த ஒரு வேலையை மட்டும் தள்ளிக்கொண்டு வந்தார்.

காரணம் நோர்வேயில் இருந்தது. ஒரே மகன் ஜெயதீபன் அங்கே போய்ப் பதின்மூன்று வருடம். ஒரு சின்னப் பட்டினத்து நகரசபையில், அங்குள்ளவர்கள் கொமூன் என்பார்கள், பள்ளிக்கூடங்களிலும் முதியோர் இல்லங்களிலும் உள்ள கொம்பியூட்டர்களைப் பராமரிக்கிற வேலை. மனைவி ஆரபிக்கும் அங்கேதான் வேலை. எட்டு வருடத்துக்கு முந்தி லீவில் வந்தபோது யாழ்ப்பாணம் ரவுணில் இந்தக் கொம்பியூட்டரை வாங்கி, முன் அறையில் மேசை போட்டு வைத்துவிட்டுப் போனான், முகம் பார்த்துக் கதைக்கலாமென்று. அடுத்த வருடமே இளையதம்பியின் மனைவி அருந்ததியின் கையில் ஒரு நல்ல போன் வந்துவிட்டது. முகம் பார்ப்பது அதற்குள் போய்விட்டது. கொம்பியூட்டருக்கு அருந்ததி பூப்போட்ட ஒரு துணி உறை தைத்துப் போட்டாள்.

போனில் அப்பனும் மகனும் கதைப்பதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

"சாப்பிட்டியோ?"

"ஓம். நீங்கள்?"

"ஓம். அங்கை குளிரோ?"

"ஓம். அங்கை வெய்யிலோ?"

"ஓம். கொம்மாட்டைப் போனைக் குடுக்கிறன்."

ஓம் என்ற சொல் மட்டும் இல்லாதிருந்தால் அந்த வீட்டுக்குப் போனே தேவைப்பட்டிராது. முகத்துக்கு நேரே முகம் வந்தால் இரண்டு பேருக்கும் வாய் கட்டிப்போய்விடும். இரண்டு பேரும் தங்கள் தங்கள் மூலைப் படத்தில் தங்கள் தலைமயிரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி வேறு மாதிரி. அந்த நேரம் ஜெயதீபன் அங்கிருந்தபடியே இந்தக் கொம்பியூட்டருக்குள் வருவான். அதற்கென்று ஒரு புரோகிராம் போட்டு வைத்திருந்தான். இளையதம்பி மிசினைப் போட்டு, இன்ரநெற் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்தால் போதும். கொஞ்ச நேரத்தில் திரையிலிருந்த அம்பு யாரும் தொடாமல் நகரும். முதல் நாள் அதைக் கண்ட அருந்ததி சாமி அறையில் போய் விபூதி எடுத்துவந்தாள். அம்பு அங்குமிங்கும் ஓடும், பெட்டிகளைத் திறக்கும், மூடும், கிடப்பில் கிடந்த அப்டேற்றுகளை ஒவ்வொன்றாக ஏற்றும். மேசையில் போன் மல்லாக்கக் கிடக்கும். அதில் முகம் இல்லை, குரல் மட்டும்.

அப்போது இரண்டு பேரும் கதைப்பார்கள். எப்படிக் கதைப்பார்கள் என்றால், சின்னவனாக இருந்தபோது தோட்டத்தில் கதைத்த மாதிரி. தகப்பன் கிணற்றடியில் மோட்டரோடு நிற்பார், மகன் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவான். ஒரு பாத்தி நிறைந்ததும் மடையை அடைத்து அடுத்ததைத் திறக்கிற வேலை அது. கண் தண்ணீரில் இருக்கும், கை மண்வெட்டியில் இருக்கும், வாய் சும்மா இருக்கும், ஆகவே கதை வரும். கணக்கில் பெயில் விட்டதையும் சைக்கிளை ஒழுங்கை மதிலில் மோதியதையும் அவன் அப்படித்தான் சொன்னான். இப்போது பாத்திக்குப் பதிலாகத் திரையில் நூற்றுக்கு இத்தனை என்று வீதம் ஏறுகிறது, அவ்வளவுதான். ஒரு ஞாயிறு நாற்பது வீதம் ஏறியிருக்கும்போது ஆரபிக்கு இரண்டாம் முறையும் பிள்ளை தங்கவில்லை என்று சொன்னான். இன்னொரு ஞாயிறு எழுபது வீதத்தில், போன மாதம் தனக்கு வயிற்றில் ஒப்பரேசன் நடந்தது என்று, பஸ் பிந்திவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். அந்த அறிவித்தல்கள் எதுவும் போன் முகத்துக்கு வந்ததே கிடையாது.

நடுவில் ஒரு ஞாயிறு ஏற்றுவதற்கு எதுவும் இருக்கவில்லை. வியாழக்கிழமை வந்த பெட்டியில் இளையதம்பி தெரியாத்தனமாக 'இப்போது' என்று அமத்தித் தொலைத்திருந்தார். மகன் வந்தான், "எல்லாம் சரியாக் கிடக்கு அப்பா" என்றான், ஆறு நிமிடத்தில் போய்விட்டான். அன்றைக்கு இளையதம்பி பாடம் படித்தார். அதற்குப் பிறகு ஆறு வருடமாக ஒரு அப்டேற்றையும் தன் கையால் ஏற்றவில்லை. வரப்போகிற பிள்ளைக்கென்று பலகாரத்தைப் போத்தலில் போட்டு மூடி வைக்கிற மாதிரி, எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைத்தார்.

இந்தப் புரட்டாதியில் ஒரு ஞாயிறு, போகும் நேரத்தில் ஜெயதீபன் சொன்னான்:

"அப்பா, உங்களோடை ஒரு விசயம் கதைக்கோணும்."

"சொல்லன்."

"இப்ப வேண்டாம். வாற ஞாயிறு பெரிய அப்டேற் ஒண்டு கிடக்கு. ஒண்டரை மணித்தியாலம் எடுக்கும். அப்ப ஆறுதலாக் கதைப்பம்."

விசயம் என்ற சொல் ஒரு தகப்பனை ஒரு கிழமை நித்திரை கொள்ளவிடாது. இளையதம்பி வயிற்று ஒப்பரேசனை நினைத்தார். ஆரபியை நினைத்தார். இரண்டையும் விட மோசமானதை நினைக்கப் பயந்து பீற்றூட்டுக்குப் புல் பிடுங்கினார். அருந்ததியிடம் மூச்சு விடவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் அந்தப் பெரிய அப்டேற் பெட்டியில் வந்தது. வழக்கத்தை விடக் கவனமாக 'பிறகு' என்றார்.

சனிக்கிழமை காலை அவர் நாலு மூட்டை பீற்றூட்டோடு சந்தைக்குப் போயிருந்த நேரம் பிரசாந்தி வந்தாள். அருந்ததியின் தங்கையின் மகள், ரவுணில் ஒரு அலுவலகத்தில் கொம்பியூட்டர் பகுதியில் வேலை. ஏதோ ஒரு போம் அவசரமாக இன்ரநெற்றில் நிரப்ப வந்தவள். மிசினைப் போட்டதும் அவளுக்குக் கண் பொறுக்கவில்லை. இளையதம்பி திரும்பி வந்தபோது அருந்ததி கொடுத்த தோசையைச் சாப்பிட்டுக்கொண்டு, வெற்றி பெற்ற முகத்தோடு இருந்தாள்.

"பெரியப்பா, எவ்வளவு அப்டேற் தேங்கிக் கிடந்தது தெரியுமோ? உதெல்லாம் கள்ளர் பூருற ஓட்டையை அடைக்கிறதுக்கு விடுறது. இப்பிடி விட்டால் வாசல் கதவைத் திறந்துபோட்டுப் படுக்கிற மாதிரி. எல்லாத்தையும் ஏத்திப் போட்டன்."

இளையதம்பிக்குத் தலையில் கிடந்த சாக்குத் துணியை எடுக்கத் தோன்றவில்லை.

"எல்லாத்தையுமோ, பிள்ளை?"

"ஓம். பெரிசு ஒண்டும் கிடந்தது. அதையும்." திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். வரிசையாகப் பல எழுத்து, ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு சின்ன சுவிட்ச். "இஞ்சை பாருங்கோ. தன்ரை பாட்டிலை அப்டேற் ஆகிற சுவிட்சை ஆரோ நிப்பாட்டி வைச்சிருக்கினம். அதாலைதான் உங்களை நெடுகக் கேட்டுக்கொண்டு நிண்டிருக்கு. நான் போட்டுவிட்டிட்டன். இனி ஒருத்தரும் ஒண்டும் செய்யத் தேவையில்லை."

இளையதம்பிக்கு முகம் சுட்டது. ஆறு வருடமாகத் தான் 'பிறகு', 'பிறகு' என்று அமத்தியதில் அந்த சுவிட்ச் தானாக நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்தார். மகள் முறையான பிள்ளைக்கு முன்னால் களவு பிடிபட்டது போல இருந்தது.

ஸ்கூட்டியை உதைக்கும்போது பிரசாந்தி திரும்பிச் சொன்னாள்: "ஒண்டு மட்டும் கவனம் பெரியப்பா. அப்டேற் ஏறேக்கை கரண்டை நிப்பாட்டிப் போடாதேங்கோ. மிசின் எழும்பாமல் போயிடும்."

மறுநாள் நாலு மணிக்கு அம்பு வந்தது. இரண்டு பெட்டியைத் திறந்தது. நடுத்திரையில் நின்றது.

"ஆர் அப்பா ஏத்தினது?"

இளையதம்பி வாயைத் திறக்குமுன் அருந்ததி குசினி வாசலில் நின்று பெருமையாகச் சொன்னாள்: "எங்கடை பிரசாந்திதான் தம்பி. இனி அது தன்ரை பாட்டிலை நடக்குமாம். நீ இதோடை மினக்கெடத் தேவையில்லை."

அம்பு திறந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடியது.

"நல்லது அம்மா" என்றான்.

"ஏதோ விசயம் கதைக்கோணும் எண்டனீ" என்று இளையதம்பி கேட்டார்.

"அது ஒண்டுமில்லை அப்பா. பிறகு கதைப்பம்."

அம்பு மறைந்தது. நாலு நிமிடம். இளையதம்பி வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடமாகத் தான் அமத்திய பொத்தானை மகனும் அமத்திவிட்டான் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வரப்பார்த்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் தோட்டத்தில் நின்றதைப் பக்கத்துக் காணி நமசிவாயம் அதிசயமாகப் பார்த்தார்.

திங்கட்கிழமை போன் எடுத்துப் பார்த்தார். சாப்பிட்டியோ, ஓம். குளிரோ, ஓம். மகனின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அதைக் கேட்க நினைத்து, அங்கே இருட்டோ என்று கேட்டார்.

அன்றிரவு படுக்கையில் பிரசாந்தியின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. எச்சரிக்கை என்பது கேட்கிறவனைப் பொறுத்தது. செய்யாதே என்று அவள் சொன்னது, எப்படிச் செய்வது என்று இளையதம்பிக்கு விளங்கியது. மிசின் பழுதானால் மகன் வந்து பார்க்கத்தானே வேண்டும். பழுது பெரிதாக இருந்தால் நேரமும் கூட எடுக்கத்தானே வேண்டும். விவசாயியின் கணக்கு, பிழை சொல்ல ஏலாது.

செவ்வாய் பின்னேரம் ஐந்து மணிக்கு மிசின் தானாக ஒரு சின்ன அப்டேற்றை இறக்கி, அணைந்து எழும்பட்டுமா என்று கேட்டது. வாழ்க்கையில் இரண்டாம் முறையாக 'இப்போது' என்றார். திரை நீலமாகி வீதம் ஓடத் தொடங்கியது. கொம்பியூட்டரை அணைக்க வேண்டாம் என்று அடியில் எழுதியிருந்தது. முப்பது வீதத்தில் மேசைக்குக் கீழே குனிந்து, இடுப்பில் நாரி நோவோடு பிளக்கைப் பிடுங்கினார். கரண்ட் போனால் தாங்குவதற்கென்று ஜெயதீபன் வாங்கிக்கொடுத்த பற்றறிப் பெட்டி செத்து இரண்டு வருடம். இப்போது அது அவர் கால் வைக்கிற பலகை.

மிசின் சும்மா மிசின் இல்லை. திரும்பப் போட்டபோது, பாதியில் நின்றதை எல்லாம் தானே கழற்றிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி எழும்பி நின்றது. புதன்கிழமை அறுபது வீதத்தில் பிடுங்கினார். அதற்கும் எழும்பியது. அவருக்குக் கோபம் வந்தது. வெள்ளிக்கிழமை தொண்ணூறு வரை விட்டுப் பிடுங்கினார். குனிந்தவர் நிமிரும்போது தலையில் சிலந்தி வலையோடு அருந்ததிக்கு முன்னால் நிமிர்ந்தார்.

"மேசைக்குக் கீழை என்ன செய்யிறியள்?"

"கரண்ட் நிண்டுபோச்சு. பிளக் லூசோ எண்டு பாத்தன்."

குசினியில் குளிர்ப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அருந்ததி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், இவரை ஒருமுறை பார்த்தாள், குசினிக்குத் திரும்பிப் போனாள்.

இந்த முறை மிசின் எழும்பவில்லை. நீலத் திரையில் சில இங்கிலீசு வசனங்களைப் போட்டுவிட்டு அப்படியே நின்றது. இளையதம்பிக்கு நிம்மதியாக இருந்தது. நல்ல பழுது. இரண்டு மணித்தியாலமாவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கே குளித்து, தோய்த்த சாரமும் சேட்டும் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். நாலு மணி ஆனது. அம்பு வரவில்லை. போன்தான் அடித்தது.

"அப்பா, உள்ளுக்கு வர ஏலாமல் கிடக்கு. மிசின் போட்டிருக்கிறியளோ?"

"ஓம். நீலமா எரியுது. ஏதோ பழுது போலை. வந்து பார்."

"எழும்பினால்தானே நான் வரலாம். எழும்பாத மிசினுக்குள்ளை எப்பிடி அப்பா வாறது?"

இளையதம்பி அதை நினைத்திருக்கவில்லை. திரையில் வெளிச்சம் இருந்தால் மகன் வந்துவிடுவான் என்றுதான் இருந்தார். பலகாரப் போத்தலை மூடி வைப்பதாக நினைத்துக்கொண்டு வாசல் படலையை ஆணி அடித்து வைத்திருக்கிறார். இனி என்ன செய்வதென்று தெரியவில்லை.

"பரவாயில்லை அப்பா" என்றான் ஜெயதீபன். குரல் களைத்திருந்தது. "எட்டு வருசப் பழசுதானே. புதுசு ஒண்டு வாங்குவம். புதுசெண்டால் நானும் பாக்கத் தேவையில்லை, நீங்களும் பாக்கத் தேவையில்லை."

"வேண்டாம்." தான் நினைத்ததை விடச் சத்தமாகச் சொல்லிவிட்டார். மகனிடம் அவர் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத ஆள். "இதைத்தான் சரிக்கட்டோணும். என்ரை கையாலை செய்யிறன். நீ என்ன செய்யிறதெண்டு சொல்லு."

மகன் சொன்னான்: "அப்ப வீடியோவிலை வாங்கோ. போனைத் திரைக்கு நேரை பிடிக்கோணும். எனக்கு எழுத்துத் தெரியோணும்."

இளையதம்பிக்கு இரண்டு கையும் கீபோட்டில் வேண்டும். அருந்ததியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, போனை வாங்கி, அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரைக்கு நேரே பிடித்தாள். ஒன்றும் பேசவில்லை. மகனுக்கு அங்கே தெரிந்ததெல்லாம் அந்த நீலத் திரை மட்டும்தான்; போனைத் தகப்பனே பிடித்திருக்கிறார் என்று இருந்தான்.

"கீழ் அம்பை ரண்டு தரம் அமத்துங்கோ. இப்ப பெரிய பட்டன். இல்லை, அது இல்லை. அதுக்கு மேலை."

மண் பிடித்த விரல்கள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் போயின. மூன்று முறை பிழைத்தது. மூன்று முறையும் அணைத்துப் போட்டுத் தொடக்கத்திலிருந்து வந்தார்கள். மகனுக்குச் சலிப்பு வரவில்லை. குரலில் பழைய சுறுசுறுப்பு வந்திருந்தது. கடைசியில், பாதி ஏறி நின்ற அப்டேற்றைக் கழற்றுகிற இடம் கிடைத்தது. இளையதம்பி அமத்தினார். ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"இனி அது சுத்தட்டும்" என்றான் ஜெயதீபன். "முக்கால் மணித்தியாலம் எடுக்கும். தொடாதேங்கோ."

இளையதம்பி கையை மடியில் வைத்தார். வட்டம் சுற்றியது. அறையில் விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. பின்னேரத்து இறைப்புக்கு யாரோ மோட்டர் போட்ட சத்தம் தூரத்தில் கேட்டது.

"அப்பா."

"ஓம்."

"எனக்கு வேலை போயிட்டுது."

போனைப் பிடித்திருந்த அருந்ததியின் கை ஆடியது.

"படம் ஆடுது அப்பா. நேராப் பிடியுங்கோ. ஆவணி முதலாந் திகதியோடை நிப்பாட்டினவை. கொமூனிலை நாலாயிரம் மிசின் கிடக்கு. அதுகளை அப்டேற் பண்ணிப் பாக்கிறதுக்கு நாங்கள் ஆறு பேர் இருந்தனாங்கள். இப்ப எல்லாத்தையும் தன்ரை பாட்டிலை நடக்கிற மாதிரி மாத்திப் போட்டினம். ரண்டு பேர் காணும் எண்டிட்டினம்."

தன்ரை பாட்டிலை. நீ மினக்கெடத் தேவையில்லை. போன ஞாயிறு இந்த அறையில் அருந்ததி சிரித்துக்கொண்டு சொன்னது இளையதம்பிக்குக் காதில் திரும்பக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"சாப்பாட்டுக்கு?"

"அதுக்குக் கரைச்சல் இல்லை. அரசாங்கம் கொஞ்சம் தரும். ஆரபியும் வேலைக்குப் போறாள்."

"பின்னை?"

"கை சும்மா கிடக்குது அப்பா. விடிய எழும்பினால் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அம்மாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ. யோசிச்சுக்கொண்டு கிடப்பா."

படம் திரும்ப ஆடியது.

கை சும்மா கிடப்பது என்ன என்று இளையதம்பிக்குத் தெரியும். சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் அடுத்தவன் வீட்டில் ஐந்து மாதம் இருந்தபோது அவருக்கு எல்லாவற்றையும் விட வலித்தது அதுதான். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். ஆறுதல் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. வட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இஞ்சை என்ரை மிசின் ஒண்டு கிடக்கு. பழசு. உதுக்கு நெடுக ஏதாவது வந்துகொண்டிருக்கும். நீ பாத்துக்கொள்."

அந்தப் பக்கத்தில் மகன் சிரிக்கிற சத்தம் கேட்டது. "சம்பளம் என்ன தருவியள்?"

"பீற்றூட்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு வட்டம் சுற்றி முடியும் மட்டும் கதைத்தார்கள். இரண்டு இடத்தில் வேலைக்கு எழுதிப் போட்டிருப்பதை அவன் சொன்னான். ஒரு பரப்பு வெங்காயம் நோய் பிடித்ததை இவர் சொன்னார். அருந்ததி ஒரு கை நொந்து மறுகைக்கு மாற்றி, போனை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஐந்தரைக்கு மிசின் எழும்பியது. கொஞ்ச நேரத்தில் அம்பு நகர்ந்தது. அருந்ததி போனை மெதுவாக மேசையில் மல்லாக்க வைத்தாள்.

அம்பு போய்ப் பழைய குறிப்புகள் உள்ள ஒரு பட்டியலைத் திறந்தது. மேலும் கீழும் ஓடியது.

"கரண்ட் மூண்டு தரம் நிண்டிருக்கு அப்பா" என்றான் ஜெயதீபன். "செவ்வாய், புதன், வெள்ளி. மூண்டும் அப்டேற் ஏறேக்கை."

"ஓம்" என்றார் இளையதம்பி. "இஞ்சை இப்ப கரண்ட் சரியில்லை."

அம்பு அந்தப் பட்டியலில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதை மூடிவிட்டு வேறொரு பக்கத்துக்குப் போனது. வரிசையாகப் பல எழுத்து, ஓரத்தில் நீலமாக ஒரு சின்ன சுவிட்ச். பிரசாந்தி காட்டிய அதே பக்கம். இளையதம்பி கண்ணாடியைச் சரிசெய்தார். அம்பு தேடவில்லை, தடுமாறவில்லை. பழக்கப்பட்ட கை இருட்டில் விளக்குச் சுவிட்சுக்குப் போவது போல நேரே போய், அதை அமத்தியது. நீலம் போய்ச் சாம்பல் நிறமானது.

ஆறு வருடம் தான் நிற்பாட்டியதாக அவர் நினைத்திருந்தது இதைத்தான். 'பிறகு' என்று ஆயிரம் முறை அமத்தினாலும் இந்த சுவிட்ச் நிற்காது என்று இப்போது தெரிந்தது. இதற்கு இந்தப் பக்கம் எங்கே இருக்கிறதென்று தெரிந்த ஒருவன் வந்து நிற்பாட்ட வேண்டும். நாலாயிரம் மிசினைப் பார்த்தவனுக்குத் தகப்பனின் ஒரு மிசினைத் தானாக ஓடவிட ஒரு நொடி போதும். அவன் விடவில்லை.

இளையதம்பி கண்ணாடியைக் கழற்றிச் சேட் நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி" என்றாள் அருந்ததி, கதிரைக்குப் பின்னாலிருந்து. "இனிக் கரண்ட் நிக்காது. நீ வாற ஞாயிறு வா."

"அம்மா? நீங்கள் எப்ப வந்தனீங்கள்?"

"பின்னை, இவ்வளவு நேரமும் போனை ஆர் பிடிச்சதெண்டு நினைச்சனீ?"

"வாறன் அம்மா" என்றான்.

திங்கட்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குத் திரையின் மூலையில் பெட்டி எட்டிப் பார்த்தது. இளையதம்பி மோட்டர் அறையிலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை; மிசினை ஐந்தரைக்கே அருந்ததிதான் போட்டு வைத்திருந்தாள். அருந்ததி அவருடைய கண்ணாடியை எடுத்து மாட்டி, எழுத்துக்கூட்டி வாசித்து, 'பிறகு' என்று அமத்தினாள்.